பன்னிரண்டு வோல்ட்

"வைப்பர் மோட்டார் செத்துப்போச்சும்மா. புதுசு வாங்கித்தான் ஆகணும்" என்றார் தணிகாசலம்.

முப்பது வருஷம் பாலிடெக்னிக்கில் மின்சாரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கை வேலையும் படிய வேண்டும் என்று ஆறு மாதமாக மலையடிவாரத்தில் சபுராவின் பட்டறையில் தொழில் கற்கிறார். சபுராவுக்கு அவருடைய மகள் வயது. ஆனால் அங்கே குரு அவள்தான்.

ஜீப்புக்காரர் மாசிலாமணி தலையில் கை வைத்தார்.

"மோட்டாருக்குக் கோயமுத்தூர் போகணுமுங். மேல எஸ்டேட்ல எம்பொண்ணுக்கு வலி கண்டிருச்சு. நாந்தான் போயிக் கூட்டிட்டு வரோணும்."

மலை கண்ணுக்கே தெரியவில்லை. அப்படி ஒரு மழை. நாற்பது வளைவு. வைப்பர் இல்லாமல் ஏறுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஏறுவதுதான்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க, சார்?" என்றாள் சபுரா.

"மோட்டாருக்கு வர்ற வயர்ல மீட்டர் வச்சேன். முழுசாப் பன்னெண்டு வோல்ட். கரண்ட் வருது, மோட்டார் சுத்தல. அப்ப மோட்டார்தானே?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது.

சபுரா ஒரு பழைய ஹெட்லைட் பல்பை எடுத்தாள். மீட்டர் வைத்த அதே வயரில் அதை மாட்டினாள்.

பல்பு, அணையப்போகிற பீடி மாதிரி லேசாகச் சிவந்தது. அவ்வளவுதான்.

தணிகாசலம் மறுபடி மீட்டரைப் பார்த்தார்.

"மீட்டர் பொய் சொல்லாதும்மா!"

"சொல்லல சார். அது 'இருக்கா?'ன்னு கேட்டுச்சு. இருக்குன்னு பதில் வந்துச்சு. பல்பு 'குடு'ன்னு கேக்குது."

டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தாள். விரலாலேயே வயரைத் தடவிக்கொண்டு போனாள். ஒரு பழைய ஒட்டில் விரல் நின்றது. டேப்பைப் பிரித்தாள். உள்ளே பச்சையாகக் களிம்பு. மற்ற இழையெல்லாம் அற்றுப்போய், ஒரே ஒரு இழை மட்டும் மிச்சம்.

தணிகாசலத்துக்கு அந்தக் கையைக் கும்பிடலாம் போலிருந்தது.

வெட்டி, சுரண்டி, முறுக்கி, ஈயம் வைத்தாள். இப்போது பல்பு வெளிச்சத்தில் கண் கூசியது. அதைக் கழற்றிவிட்டு மோட்டாரை மாட்டினாள். செத்துப்போன மோட்டார் சளக் சளக்கென்று கண்ணாடியைத் துடைத்தது.

மாசிலாமணிக்குப் பாதி உயிர்தான் திரும்பியது. வண்டியைக் கிளப்பியவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏனுங் சார், பாதி மலையில நின்னுக்காதுங்களே?"

"நிக்காது. நான் சொல்றேன், தைரியமாப் போங்க" என்றார் தணிகாசலம்.

சபுரா கையைத் துடைத்தபடி அவரைப் பார்த்தாள்.

"வெறுமனே சொல்றீங்களா, சார்?"

தணிகாசலத்துக்கு முகம் சுட்டது.

மீட்டரைக் கீழே வைத்தார். ஸ்க்ரூ டிரைவரையும் ஒரு சுருள் வயரையும் எடுத்துக்கொண்டார். மழையில் நனைந்தபடி ஓடிப்போய் ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"எடுங்க" என்றார்.