முப்பத்திரண்டாம் எண் வீட்டில் இரண்டு அடுப்பு

விடை சொல்ல அவசரப்படாதீர்கள். கேள்வி கதையின் கடைசியில்தான் வருகிறது.

ஒரு பல்கலைக்கழகத்தின் பின்வாசலை ஒட்டி நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட பழைய குடியிருப்பு ஒன்று இருந்தது. அதை இடித்துவிட்டுப் பன்னிரண்டு மாடி எழுப்புவோம், மேலே மாணவர் விடுதி, கீழே கம்பெனிகள், இருப்பவர்களுக்கு அங்கேயே புது வீடு, வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்று சொல்லத் தொடங்கி ஏழு வருடம் ஓடிவிட்டது. கூட்டத்துக்குப் போய்ப் போய் முப்பத்திரண்டாம் எண் வீட்டு மைமூனுக்குக் கால் வலிதான் மிச்சம். ஒற்றை அறை வீடு அது. குறுக்கே கட்டிய புடவைக்கு அந்தப் பக்கம் மகன் ஜக்கரியாவும் மனைவியும் கைக்குழந்தையும், இந்தப் பக்கம் மைமூன். ஆறு வருடமாக மருமகள் வாய்விட்டுச் சிரித்து அவள் கேட்டதில்லை.

இப்படி நெருக்கியடித்து வாழ்ந்தவர்கள் பலர். அதனால் கதவை எண்ணாமல் அடுப்பை எண்ணுவதென்று முடிவாயிற்று. கணக்கெடுக்க வரும் நாளில் எரிகிற ஓர் அடுப்புக்கு ஒரு வீடு, அந்த அடுப்புக்கு உரிய குடும்பத்துக்கு. ஜக்கரியா தனி அடுப்பு வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தான். நினைப்பதில் அவன் கெட்டிக்காரன்.

கணக்கெடுக்க வந்த அன்று காலை, முப்பத்தோராம் எண் வீட்டு மனோன்மணியின் கணவர் தணிகாசலம் இறந்துபோனார். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதே! வந்தவர்களுக்கெல்லாம் மைமூன்தான் சமைத்தாள். அவளுடைய ஒற்றை அடுப்பு போதவில்லை. மனோன்மணிக்குக் கல்யாணச் சீராக வந்த, 'தணிகாசலம் – மனோன்மணி' என்று பெயர் வெட்டிய எவர்சில்வர் அடுப்பை, சிலிண்டரோடு ஜக்கரியாதான் தூக்கிக்கொண்டு வந்தான். அந்த நேரம் பார்த்து அலுவலர் வந்தார். முப்பத்தொன்றில் அடுப்பே இல்லை, முப்பத்திரண்டில் இரண்டு எரிகிறது என்று எழுதிக்கொண்டார். அழுகைச் சத்தத்தில் யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

கட்டடம் எழுந்தது. சாவி கொடுக்கும் நாளில் மைமூன் பெயருக்கு நேரே இரண்டு வீடு இருந்தது, மனோன்மணி பெயரே இல்லை.

"பட்டியலைத் திருத்த முடியாதும்மா. ஆட்சேபம் எழுதிக் குடுத்தா மொத்தக் கணக்கையும் திரும்ப எடுக்கணும். ஒருத்தருக்கும் இன்னைக்குச் சாவி கிடையாது," என்றார் அலுவலர். வரிசையில் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். அவர் ஒரு படிவத்தை நீட்டினார். 'இரண்டாம் அடுப்புக்கு உரிய குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம், காலியாக.

ஜக்கரியா குனிந்து சொன்னான். "ம்மா, என் பேரை எழுதுங்க. நாம பொய் சொல்லலையே, எழுதுனது அவங்கதானே? இன்னொரு வேலையும் இதோட வருது. புள்ளைய எத்தனை நாளைக்கு அந்தப் பொடவைக்குப் பின்னாடி வளர்க்கறது?"

பையும் அந்த எவர்சில்வர் அடுப்புமாக நின்ற மனோன்மணி சொன்னாள். "அவன் பேரையே எழுதுங்கக்கா. என்னால எல்லாருக்கும் சாவி நிக்க வேணாம். நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிக்கறேன்." தங்கச்சி வீட்டிலும் ஒரே அறை என்பது மைமூனுக்குத் தெரியும்.

மைமூன் பேனாவை வாங்கினாள். பெற்ற பிள்ளைக்குத் துரோகம் செய்யவும் மனமில்லை, துக்கத்தில் கைகொடுத்ததற்குக் கூலியாக ஒருத்தியின் வீட்டைப் பிடுங்கவும் மனமில்லை. இத்தனை வருடத்தில் இவ்வளவு அலுப்பு அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

பட்டியலைத் திருத்தாமல், பொய்யும் சொல்லாமல், அவள் யார் பெயரை எழுத வேண்டும்? சொல்லுங்கள்.

விடை: பட்டியலில் திருத்த ஒன்றுமே இல்லை. இரண்டு அடுப்பு எரிந்தது உண்மை. எரிந்த இடத்தைக் கட்டம் கேட்கவில்லை, உரிய குடும்பத்தைத்தான் கேட்கிறது. அந்தப் பெயரைக் கல்யாணத்தன்றே அடுப்பில் வெட்டிவிட்டார்கள். மைமூன் அதைப் பார்த்து எழுதினாள்: மனோன்மணி. அந்த அடுப்பை ஐந்தாம் மாடியில் மனோன்மணியின் புது வீட்டுக்குத் தூக்கிச் சென்றவனும் ஜக்கரியாதான். இறக்கி வைத்துவிட்டுக் கீழ்மாடிக்கு வந்தபோது, தங்கள் புது வீட்டில் அவன் அம்மா பழைய புடவையைக் குறுக்கே கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு முனையை அவன் வாங்கி ஆணியில் மாட்டினான்.