நூற்றுப் பதினாலாம் பக்கம்

"சார், இந்த நோட்டை விசாரணைக் குழுகிட்ட கொடுக்கட்டுமா, வேண்டாமா?"

கேட்டவள் அங்கயற்கண்ணி. வயது ஐம்பத்து மூன்று. எந்தத் திரவம் எந்தச் சூட்டில் எவ்வளவு வேகமாக ஓடும் என்று அளப்பதுதான் அவள் வாழ்நாள் வேலை. கண்ணாடிக் குழாயில் இரண்டு கோடு இருக்கும். மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்குத் திரவம் இறங்க எத்தனை விநாடி என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். வடிகிறதைப் பார்த்தே டாக்டர் பட்டம் வாங்கியவள் என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

அந்தப் பட்டத்துக்கு வழிகாட்டியவர் பேராசிரியர் வைத்திலிங்கம். வயது எண்பத்தொன்று. ஞானி என்றால் தாடி வேண்டும், ஆலமரம் வேண்டும். இவருக்கு இருந்தது திருச்சியில் மூன்றாவது மாடி ஃபிளாட், பாதி நாள் ஓடாத லிஃப்ட். ஆனால் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் வழக்கம் கிடையாது. அதை ஞானம் என்று மாணவர்கள் சொல்லிக்கொண்டார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னாள்.

ஓசூர்ப் பக்கம் ஒரு பெயின்ட் தொழிற்சாலை. மார்கழிக் காலை, பத்தொன்பது டிகிரி. ராமபாண்டி என்ற ஆபரேட்டர் பம்பைப் போட்டார். குழாய்க்குள் பெயின்ட்டில் கலக்கும் பிசின் இறுகிக் கிடந்தது. அழுத்தம் தாங்காமல் குழாய் மூட்டு பிளந்து பிசின் முகத்தில் அடித்தது. இரண்டு கண்ணும் போய்விட்டது. வயது முப்பத்தொன்று.

அந்தப் பிசின் பத்தொன்பது டிகிரியில் தாராளமாக ஓடும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. ஆகவே பிசின் மேல் தப்பில்லை, வால்வைத் திறக்காமல் பம்பைப் போட்ட ராமபாண்டி மேல்தான் தப்பு என்கிறது நிர்வாகம். திறந்தேன், திறந்தேன் என்று அவர் கட்டிலில் கிடந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை குழு அப்படியே அறிக்கை எழுதிவிடும்.

கையேட்டில் இருப்பது அங்கயற்கண்ணியின் அளவு. இருபத்தாறு வருஷத்துக்கு முன் ஆராய்ச்சி மாணவியாக அளந்தது.

உண்மையில் இருபத்தொன்று, இருபது, பத்தொன்பது டிகிரியில் அவள் அளந்தபோது அந்தப் பிசின் இறங்க நாலு மடங்கு நேரம் ஆயிற்று. அந்த மூன்று அளவும் வைத்திலிங்கத்தின் சூத்திரத்தோடு ஒத்துப்போகவில்லை. சூத்திரமோ அப்போதே பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. குளிர்தொட்டி சரியில்லை, மூன்றையும் அடித்துவிடு என்றார். இதே நோட்டில் அடித்தாள். மிச்ச அளவுகளுக்குக் கோடு போட்டு, அந்தக் கோட்டையே பத்தொன்பது வரை நீட்டினாள். உலகம் அதை நம்பியது.

"குளிர்தொட்டி நல்லாத்தான் சார் இருந்துச்சு. நான் மூணு தடவை பார்த்தேன்."

அவர் கையை நீட்டினார். நோட்டைக் கொடுத்தாள்.

பொருளடக்கத்தைப் பார்க்கவில்லை. புரட்டித் தேடவும் இல்லை. நேரே நூற்றுப் பதினாலாம் பக்கத்தைத் திறந்தார்.

இவரும் மறக்கவில்லை. இத்தனை நாள் தான் ஒருத்தியே சுமந்ததாக நினைத்தது தப்பு. ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"நாம ரெண்டு பேருமா போயிடுவோம் சார். அடிக்கச் சொன்னதை நீங்க சொல்லுங்க. அடிச்சதை நான் சொல்றேன்."

அவர் பக்கத்தின் ஓரத்தில் விரலை வைத்தார்.

அவர் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்டிப்பான விதி. தப்பை அழிக்கக் கூடாது, கிறுக்கி மறைக்கக் கூடாது. கீழே இருக்கும் எண் தெரிகிற மாதிரி ஒரே கோடு. ஓரத்தில் கையெழுத்து, தேதி. நேர்மை என்றால் இதுதான் என்று அவள் போகிற இடமெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

"இது யார் கையெழுத்து?"

"என்னோடது."

"என்னோடது எங்க?"

பார்த்தாள். இல்லை. அந்தப் பக்கத்தில் மட்டுமல்ல, நோட்டு முழுக்கவே இல்லை.

"பக்கத்துலதானே சார் நின்னீங்க. பேனாவே உங்களோடது."

"அந்த மூணும் சரியா இருக்குமோன்னு எனக்கு அன்னைக்கே பயம்."

"அப்புறம் ஏன் அடிக்கச் சொன்னீங்க?"

"அதனாலதான் உன்னைக் கையெழுத்துப் போடச் சொன்னேன்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை.

நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். இந்த மனுஷனையா கும்பிட்டோம் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை கட்டாயம் கொடுப்பேன் என்றாள். பேர் போனால் போகட்டும், பதவி போனால் போகட்டும், ராமபாண்டி மேல் பழி வரக் கூடாது. உங்கள் பேரையும் சொல்வேன் என்றாள்.

"சொல்லு. நோட்டுல இல்லையே."

"உங்ககிட்ட படிச்சேன்னு சொல்லிக்கவே வெட்கமா இருக்கு சார்."

அவர் அதற்குக் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. விறுவிறுவென்று வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினாள்.

"கண்ணி."

திரும்பவில்லை.

"உன்கிட்ட இப்ப எத்தனை பேர் ஆராய்ச்சி பண்றாங்க?"

"நாலு பேர். அதுக்கென்ன?"

"ஏதாவது அளவு கோட்டுல உட்காரலைன்னா, அடின்னு சொல்றது யாரு?"

"நான்தான்."

"ஓரத்துல கையெழுத்து?"

ஒரு காலில் செருப்பு ஏறியிருந்தது. இன்னொன்று தரையில் கிடந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க," என்றாள்.