சீப்பை மாற்ற மறந்தவர்

இது எனக்கு நேராகக் கிடைத்த கதை அல்ல. கறுப்பின அமெரிக்கர்களின் சிறுகதைகளைப் பற்றி எங்கள் கல்லூரியில் பேச வந்த ஓர் ஆய்வாளர், கூட்டம் முடிந்த பிறகு சொன்னார். அவரும் யாரிடமோ கேட்டதுதான். நான் எதையும் கூட்டவில்லை. சில இடங்களில் குறைந்திருக்கலாம்.

ஜார்ஜியாவில் ஒரு சிறிய ஊர். அங்கே கறுப்பர்களின் தேவாலயக் கூடத்தில் ஓலா என்ற பெண் வியாழக்கிழமைகளில் சிறுகதை எழுதக் கற்றுக்கொடுத்தார். வயது முப்பத்தைந்து. வந்தவர்கள் எல்லாரும் அவரைவிட மூத்த பெண்கள். அவர்களில் வெர்னாவுக்கு அறுபத்தொன்று. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாடகர் குழுவில் முப்பது வருடமாக மூன்றாம் வரிசை.

வெர்னாவும் லொரீன் என்ற பெண்ணும் இருபத்தேழு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். ஊருக்கு அவர்கள் ஒன்றுவிட்ட சகோதரிகள். ஊர் அதற்கு மேல் கேட்கவில்லை; அவர்களும் சொல்லவில்லை. வெர்னா வகுப்பில் சேர்வதற்கு முந்தைய குளிர்காலத்தில் லொரீன் இறந்துபோனார்.

வெர்னா எழுதிய முதல் கதை ஒரு கணவன் மனைவியைப் பற்றியது. கணவன் பெயர் லாரன்ஸ். சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் ஆராதனைக்காக, அவன் மனைவியை அடுப்பு ஓரம் உட்கார வைக்கிறான். இரும்புச் சீப்பை நெருப்பில் காய்ச்சி, அவளுடைய சுருள் முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நேராக்குகிறான். சூடு படாமல் இருக்க அவள் தன் காது மடலை மடக்கிப் பிடித்துக்கொள்கிறாள்.

வகுப்பில் அதைப் படித்தபோது ஆர்லின் என்பவர்தான் முதலில் சிரித்தார்.

"சிஸ்டர், இந்த லாரன்ஸ் எந்தத் தெருவுல இருக்கார்? எம் புருஷனுக்கு அந்தச் சீப்பை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஊரில் சீப்பு அடுப்பில் ஏறினால் ஆண்கள் வாசலுக்குப் போய்விடுவார்கள். தாய் மகளுக்குச் செய்வது அது. அக்கா தங்கைக்குச் செய்வது. பெண்ணை ஆணாக மாற்றி எழுதிய வெர்னா, சீப்பை மாற்ற மறந்துவிட்டார்.

சிரிப்பு ஓய்ந்தபோது ஒருவரும் வெர்னாவைப் பார்க்கவில்லை.

மற்றவர்கள் போன பிறகு அவர் கேட்டார்.

"டீச்சர், சீப்பை எடுத்துடட்டுமா?"

"எடுத்தா என்ன மிஞ்சும்?"

வெர்னா தணிந்த குரலில் சொன்னார். கதை தேவாலயத்தின் ஆண்டு மலரில் வரப்போகிறது. வெள்ளைக்காரர்களும் வாங்கிப் படிப்பார்கள். கறுப்பு ஆண்கள் ஆண்கள் இல்லை, கறுப்புப் பெண்கள் பெண்கள் இல்லை என்று இத்தனை காலம் சொன்னவர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் நம் சனம் கணவன், மனைவி, பிள்ளைகள் என்று புகைப்படத்துக்கு நிற்பதுபோல் விறைப்பாக நிற்கிறது. அந்தப் படத்தை நான் கலைத்தால் பாஸ்டர் முதலில் என்னைப் பாடகர் குழுவிலிருந்து எடுப்பார்.

"லொரீன் பக்கத்துல நின்னு பாடின இடம் அது. அதுவும் போயிட்டா எனக்கு என்ன இருக்கு?"



சனிக்கிழமை மதியம் ஓலா வெர்னாவின் வீட்டுக் கதவைத் தட்டினார். தலைக்குக் குளித்து, துண்டு சுற்றியிருந்தார். சமையலறைக்குப் போய் முக்காலியை அடுப்பு ஓரம் இழுத்துப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஆராதனைக்குப் போகணும்" என்றார்.

வெர்னாவும் லொரீனும் மாறி மாறி ஒருவர் தலையை ஒருவர் நேராக்கிய அந்தச் சீப்பை, குளிர்காலத்துக்குப் பிறகு வெர்னா தொடவில்லை. தேடி எடுத்தார். ஓலாவின் முடியைத் துவட்டிக் காயவிட்டு, அடுப்பைப் பற்ற வைத்தார். சூடேறிய சீப்பை வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்தார். துணி கருகவில்லை. முடியை வகிர்ந்து, எண்ணெய் தொட்டு, பின்கழுத்திலிருந்து தொடங்கினார். கை தானாக வேலை செய்தது. சீப்பு காதுக்குப் பக்கத்தில் வந்தது.

"காதைப் பிடிச்சுக்கோ, லொரீன்."

சொன்ன பிறகுதான் வெர்னாவுக்குக் கேட்டது. சீப்பு அந்தரத்தில் நின்றது.

ஓலா திரும்பிப் பார்க்கவில்லை. காது மடலை மடக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பிடிச்சுக்கிட்டேன், சிஸ்டர். சீப்பு ஆறிடப்போகுது."

எனக்குக் கதை சொன்னவர், அதன் பிறகு வெர்னாவைப் பாடகர் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்றார். அந்த ஆண்டு மலரையும் அதற்கு அடுத்த வருட மலரையும் தேடிப் பிடித்துப் பார்த்தேன். முதலாவதில் பதினேழாம் பக்கத்தில் கதை இருக்கிறது. சீப்பைப் பிடித்திருப்பவள் பெயர் லொரீன். அடுத்த வருட மலரின் கடைசிப் பக்கத்தில் அந்த வருடம் எடுத்த பாடகர் குழுவின் படம். மூன்றாம் வரிசையில் வெர்னா நிற்கிறார்.