தவறே இல்லாத மூன்று மாதங்கள்

மங்கையர்க்கரசி இருபத்தெட்டு ஆண்டுகள் நர்ஸாக இருந்தவர். அடுத்த மாதம் தென்காசியில் திறக்கப்போகும் கிளை மருத்துவமனைக்கு அவர்தான் நிர்வாகி. அதற்காக, தலைமை மருத்துவமனையின் நிர்வாகியும் தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவருமான ரூஃபஸிடம் நிர்வாகம் கற்றுவந்தார்.

அன்று காலை மங்கையர்க்கரசி தம் வார்டின் அறிக்கையை அவரிடம் நீட்டினார்.

"மூணு மாசமா ஒரு தப்புகூட பதிவாகலை சார்."

ரூஃபஸ் படித்தார். "முன்னாடி மாசத்துக்குப் பத்துத் தப்பாவது வருமே?"

"ஒரு பொண்ணை எல்லார் முன்னாலயும் நிக்கவச்சுக் கண்டிச்சேன். அதோட நின்னுபோச்சு."

ரூஃபஸ் அறிக்கையை மூடினார். "வாங்க, வார்டுல போய் டீ குடிப்போம்."

நர்ஸுகளின் ஓய்வறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். மங்கையர்க்கரசியைப் பார்த்ததும் பேச்சு நின்றது. எல்லோரும் எழுந்தார்கள்.

"உட்காருங்கம்மா" என்ற ரூஃபஸ், தானும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. முப்பது நோயாளிக்கு ராத்திரி ஒரே ஒரு நர்ஸைப் போட்டேன். ஒரு பெரியவர் கட்டில்லேருந்து விழுந்து இடுப்பு உடைஞ்சுது. மெமோ அந்த நர்ஸுக்குத்தான் போச்சு. நான் வாயே திறக்கலை."

மங்கையர்க்கரசி டீயைக் கீழே வைத்தார்.

"நானும் ஒருநாள் இதே வார்டுல ரெண்டு பேருக்கு மருந்தை மாத்திக் கொடுத்துட்டேன்" என்றார். "நல்லவேளை, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலை. இன்னிவரைக்கும் நான் யார்கிட்டயும் சொன்னதில்லை."

மூலையில் நின்ற பிருந்தா விசும்பினாள். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான். மெல்ல முன்னால் வந்து கையை நீட்டினாள். ஆள்காட்டி விரலில் ஒரு பிளாஸ்திரி.

"நேத்துக் காலையில மேடம். நோயாளிக்குப் போட்ட ஊசி குத்திடுச்சு. திட்டுவீங்கன்னு..."

அப்படிக் குத்தினால், எச்.ஐ.வி. தொற்றுக்கு எதிரான மருந்தை மூன்று நாளுக்குள் தொடங்க வேண்டும். பிந்தினால் பயனில்லை. அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

மங்கையர்க்கரசி அவள் கையைப் பிடித்தபடியே அவசரப் பிரிவுக்கு ஓடினார். ரத்தம் எடுக்கும்போது தோளை அணைத்துக்கொண்டார். முதல் மாத்திரையை அவரே பிரித்துக் கொடுத்தார். அவளுடைய அம்மாவுக்குப் போன் செய்து, பயப்பட வேண்டாம் என்றார். மதியம்வரை அவள் பக்கத்திலேயே இருந்தார்.

பிறகு ரூஃபஸின் அறைக்கு வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"நேரத்துக்கு மருந்து போயிடுச்சு. பயமில்லைன்னு டாக்டர் சொல்றார்."

"நல்லது."

"தென்காசிக்கு வேற யாரையாவது அனுப்புங்க சார். எனக்குப் பயந்து ஒரு பொண்ணு ஒரு நாள் முழுக்க ஊமையா இருந்திருக்கா. நான் அதுக்குத் தகுதியானவ இல்லை."

ரூஃபஸ் எழுந்து வந்து அவருக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார். அதுவரை அவரை 'மேடம்' என்றுதான் அழைத்து வந்தார்.

"நானும் அங்கதான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பொண்ணு கையை உங்ககிட்டதானே நீட்டினா, அக்கா?"