மூன்று பேர் எழுதிய ஒரு பரீட்சை

ஏழுகுட்டைப்பட்டியில் எந்த வேலையையும் ஒருத்தனே முழுசாகச் செய்யமாட்டான். பங்கு போட்டுத்தான் செய்வார்கள். தென்னை ஏறுகிறவன் காயைத் தொடமாட்டான். பறிப்பது இன்னொருத்தன் பங்கு. அதனால் பறிக்கிறவனை முதுகில் சுமந்துகொண்டுதான் ஏறுகிறவன் ஏறுவான்.

அந்த ஊர் இருளப்பனுக்குப் பால் சங்கத்தில் காவல்காரன் வேலை காத்திருந்தது. பத்தாவது தேறியிருந்தால் போதும். இங்கிலீஷ் மட்டும் அவனை ஆறு தடவை கவிழ்த்திருந்தது. ஏழாவது தடவையும் கவிழ்த்தால் வேலை அடுத்த ஊர்க்காரனுக்கு.

அவனோடு சீனிமுத்துவும் கொம்பையாவும் டுடோரியலில் படித்தார்கள். வாத்தியார் பலகையில் ஒரு வாக்கியத்தை எழுதி மூன்றாக வெட்டிக் காட்டினார். "முதல்ல எழுவாய், நடுவுல வினைச்சொல், கடைசியில செயப்படுபொருள். இங்கிலீஷ்ல வரிசை மாறக் கூடாது. பிரிச்சுப் படிங்கடே, சுலபமா வரும்."

வெளியே வந்ததும் பிரித்துக்கொண்டார்கள்.

"முதல்ல நிக்கிறது எனக்கு. நான்தான் மூத்தவன்" என்றான் சீனிமுத்து.

"கடைசி எனக்கு. நான் எங்கயும் மெதுவாத்தான் வருவேன்" என்றான் கொம்பையா.

நடுப்பங்கு இருளப்பனுக்கு. மூன்று மாதத்தில் நானூறு வினைச்சொல்லை நெட்டுருப் போட்டான். யார் ஓடினார், எதைத் தின்றார் என்றெல்லாம் அவன் விசாரிக்கவில்லை. அடுத்தவன் பங்கில் தலையிடுவது மரியாதையில்லை.

பரீட்சையில் மூவருக்கும் மூன்று அறை. இருளப்பன் இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விட்டு, வரிக்கு ஒரு வார்த்தையாக எழுதி முடித்து, மேற்பார்வையாளரிடம் நூல் கேட்டான்.

"அடிஷனல் ஷீட் வாங்கவே இல்லையே. எதைக் கட்டப்போற?"

"இந்தப் பக்கம் ரூம்ல சீனிமுத்து பேப்பர், அந்தப் பக்கம் கொம்பையா பேப்பர். கொஞ்சம் நீளமாக் குடுங்க சார்."

மேற்பார்வையாளர் மூன்று தாளையும் வரவழைத்தார். "கூட்டாக் காப்பியா அடிக்கிறீங்க?"

இருளப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒத்துப் பாருங்க சார். ஒரு வார்த்தை ஒண்ணுபோல இருந்தா என் காதை அறுத்துருங்க."

ஒத்துப் பார்த்தார். ஒன்றுகூட இல்லை. விட்டுவிட்டார்.

முடிவு வந்தது. இருளப்பன் மூன்று மார்க் பட்டியலையும் எடுத்துக்கொண்டு சங்கச் செயலர் ஆதிமூலத்திடம் ஓடினான்.

"பன்னெண்டு, பதினொண்ணு, பதிமூணு. ஆக முப்பத்தாறு அண்ணாச்சி. முப்பத்தஞ்சு எடுத்தாலே பாஸ்!"

ஆதிமூலமும் அதே ஊர். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். "பாஸ்தான். ஒரு மார்க்கு கூடவே இருக்கு. ஆனா பாஸானது மூணு பேரு, வேலை ஒண்ணு."

ஆகவே காவல் வேலை பங்கு போடப்பட்டது. பார்ப்பது சீனிமுத்து. கத்துவது கொம்பையா. ஓடுவது இருளப்பன்.

நாலாம் நாள் நட்டநடுப் பகலில் ஒரு திருடன் பால் கேனைத் தூக்கினான். சீனிமுத்து பார்த்தான்; கொம்பையா காதில் போய்ச் சொன்னான். கொம்பையா வாயிலிருந்த முறுக்கை மென்று விழுங்கிவிட்டுக் கத்தினான். இருளப்பன் ஓடினான். கிடைத்த வேலை போய்விடக் கூடாதே என்று உயிரைக் கொடுத்து ஓடினான். குளக்கரையில் திருடனை எட்டினான், தாண்டியும் போய்விட்டான்.

"அண்ணே! என்னைப் பிடிக்கலையா?" என்று திருடன் கூப்பிட்டான்.

இருளப்பன் நின்றான். "அது என் பங்கில்லடே. பிடிக்க இன்னும் ஆள் போடல."

"அப்ப நான் போகட்டுமா?"

"நீ போனா என் வேலையும் போயிரும்."

இருவரும் கேனின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து யோசித்தார்கள். கடைசியில் திருடன் கேட்டான்: "நான் பத்தாவது பாஸுண்ணே. தனியாவே பாஸ். பிடிக்கிற வேலையை எனக்குக் குடுப்பாகளா?"

"தனியாவா!" இருளப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "இப்பவே சேர்ந்துக்க."

திருடன் சும்மாடு கட்டிக் கேனைத் தலையில் வைத்தான். வலது கையால் தன் இடது கையைக் கெட்டியாகப் பிடித்தான். "திமிறாம நடலே, திருட்டுப் பயலே!" என்று தன்னையே அதட்டிக்கொண்டு சங்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான்.

பின்னாலேயே வந்த இருளப்பன், "பிடிக்கிற வேலைக்கு இன்னைக்குச் சேர்ந்த ஆளு, அண்ணாச்சி" என்றான். ஆதிமூலம் இருளப்பனை ஏற இறங்கப் பார்த்தார். "நாலு நாளா நீங்க மூணு பேரு என்னத்தப் புடுங்கினீங்க? இவன் சேர்ந்த அன்னைக்கே ஒருத்தனைப் பிடிச்சிட்டு வந்திருக்கான், பாரு!"