அழுகை நின்ற பிறகு

கற்றுக்கொள்ள வந்தவருக்கு வயது ஐம்பத்தாறு. கற்றுக்கொடுப்பவர் நாற்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வருடம்தான் ஆகியிருக்கும். குருவை ‘மேடம்’ என்று சீடரும், சீடரை ‘சார்’ என்று குருவும் கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்தக் குழந்தைகள் மருத்துவமனையில் இதைக் கேட்டு வாய்க்குள் சிரிக்காதவர்கள் குறைவு.

சீடர் டாக்டர் மாதப்பன், தருமபுரிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலமெல்லாம் வைத்தியம் பார்த்தவர். மனைவி இறந்த பிறகு, வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம்கூட அவருக்குப் பெரிதாகக் கேட்க ஆரம்பித்தது. மகன் கனடாவில் இருந்தான். ஒரு நாள் வீட்டைப் பூட்டிவிட்டு, மூளையில் நீர் கோத்த குழந்தைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று டாக்டர் சுகிர்தத்தின் முன்னால் வந்து நின்றார்.

“ஏன் சார், இந்த வயசுல?” என்று கேட்டார் சுகிர்தம்.

“வேலை வேணும் மேடம்.”

சுகிர்தம் மறுநாளே வரச் சொன்னார்.

நம் எல்லோர் மூளையிலும் ஒரு நீர் ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கிறது. வடிகிற வழி அடைத்துக்கொண்டால் கைக்குழந்தைக்குத் தலை பெருத்துவிடும். அப்போது தலையிலிருந்து வயிற்றுக்கு, தோலுக்கு அடியில் ஒரு குழாய் வைப்பார்கள். வைத்த குழாய் பெரும்பாலும் ஆயுசுக்கும் கூடவே வரும். அடைத்துக்கொள்ளும், கிருமி பிடிக்கும், ஒவ்வொரு தடவையும் மறுபடி தலையைத் திறக்க வேண்டும். வேண்டிய குழந்தைக்கு வைக்காமல் விட்டால் கண் போகும், உயிரே போகலாம். வேண்டாத குழந்தைக்கு வைத்தால் அந்தப் பாவம் வேறு மாதிரி. யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதை ஊசி குத்தாமல் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் மாதப்பனின் ஆராய்ச்சி.

குழந்தையின் உச்சிக்குழி மேல் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கருவியை வைப்பார். உள்ளே இருக்கிற அழுத்தம் திரையில் எண்ணாக வரும். திரையில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. எண் அதைத் தாண்டினால் குழாய் வைக்கச் சொல்லிப் பரிந்துரைப்பார்.

அளக்கும் அறைக்கு அவரே ஒரு விதி போட்டிருந்தார். அம்மாக்கள் உள்ளே வரக் கூடாது. வந்தால் கொஞ்சுவார்கள், குலுக்குவார்கள், கருவியைக் கண்டதும் பிள்ளைக்கு முன்னால் அவர்கள் அழுவார்கள். அழுதால் அழுத்தம் ஏறும் என்பது எந்த டாக்டருக்கும் தெரியும். அதனால் குழந்தை அழுது ஓயும்வரை மாதப்பன் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். ஓய்ந்த பிறகுதான் கருவியைத் தொடுவார். பொறுமையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம், தருண் என்ற மூன்று மாதக் குழந்தையின் எண் கோட்டைத் தாண்டியது. மறுநாள் காலை ஆபரேஷன் என்று முடிவானது. குழந்தையின் அம்மா காவேரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே பிள்ளை அழுத சத்தத்துக்கு அவளுக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்திருந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு எழுந்தாள்.

“சார், முடிய எடுத்துருவீங்களா?”

“எடுக்கணும்மா. குழாய் தலையிலதானே வைக்கணும்.”

“முத மொட்டை குலசாமிக்கு நேந்திருக்கோம் சார்.”

“உசுரு முக்கியமா, மொட்டை முக்கியமா?”

காவேரி தலையைக் குனிந்துகொண்டாள். “குழாய எப்ப எடுப்பீங்க?”

“எடுக்க மாட்டோம்மா.”

மாதப்பனுக்குச் சங்கடமாக இருந்தது, ஆனால் எண் எண்தான் என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் சுகிர்தம் வந்து ஸ்கேனை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். டேப்பை எடுத்துக் குழந்தையின் தலையைச் சுற்றி அளந்தார்.

“ஸ்கேன்ல நீர் கூடல. தலையும் வயசுக்குத் தக்கதான் வளருது. வாந்தி இருக்கா?”

“இல்ல மேடம். ஆனா அழுத்தம் ஜாஸ்தி. திரும்பத் திரும்ப அளந்துட்டேன்.”

“அழும்போதா?”

“அழுகை நின்ன பிறகு.”

“நின்னப்புறம் எப்படி இருந்தான்?”

“அமைதியா இருந்தான்.”

“அமைதின்னு எப்படித் தெரியும்?”

இது என்ன கேள்வி என்று மாதப்பனுக்கு எரிச்சல் வந்தது. “அழல மேடம்,” என்றார்.

“இன்னொரு தடவை அளங்க. நானும் இருக்கேன்.”

தருணை வாங்கி வந்து படுக்கவைத்தார்கள். கதவைச் சாத்தியதும் அவன் வீறிட்டு அழுதான். இரண்டு பேரும் பேசாமல் காத்திருந்தார்கள். அழுகை தேய்ந்து தேய்ந்து விசும்பலாகி, அதுவும் நின்றது. மாதப்பன் கருவியை வைத்தார். எண் கோட்டுக்கு மேலேயே நின்றது.

“பாத்தீங்களா மேடம்.”

சுகிர்தம் திரையைப் பார்க்கவில்லை. குழந்தையின் மூடிய கைக்குள் தன் விரலை நுழைக்கப் பார்த்தார். முடியவில்லை. பிடித்த பிடி பிடித்தபடி இருந்தது. வயிறு இறுகிக் கிடந்தது. கண் மட்டும் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது.

சுகிர்தம் போய்க் கதவைத் திறந்தார். “உள்ள வாம்மா.”

காவேரி வாசலில் நின்று மாதப்பன் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவரைச் சுட்டது. தன்னுடைய அனுமதிக்காக ஒரு தாய் காத்து நிற்பதை அவர் அதுவரை கவனித்ததே இல்லை.

“வாம்மா,” என்றார் அவரும்.

“தூக்க வேண்டாம். அப்படியே பக்கத்துல நின்னுக்கோ,” என்றார் சுகிர்தம்.

காவேரி குனிந்து பிள்ளையின் கன்னத்துக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்தாள். “எங்க போயிருந்தேன் நானு? இங்கதான இருந்தேன்,” என்றாள். தருண் ஒரு தடவை தேம்பினான். பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டான். இறுகிக் கிடந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

திரையில் எண் இறங்க ஆரம்பித்தது. கோட்டுக்கு வந்தது. கோட்டுக்குக் கீழே போனது.

“மறுபடி ஏறும் மேடம்,” என்றார் மாதப்பன்.

காத்திருந்தார்கள். தருண் தூங்கிப்போனான். எண் ஏறவில்லை.

சுகிர்தம் காவேரியிடம் சொன்னார்: “நாளைக்கு ஆபரேஷன் வேண்டாம். வாரா வாரம் கூட்டிட்டு வா, தலைய அளந்து பாப்போம். வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்காம சோர்ந்து கெடந்தாலோ ராத்திரி பகல் பாக்காம வந்துரு. அப்ப வேணும்னா வைக்கலாம்.”

“முடி?”

“அது உங்க சாமிக்கு.”

காவேரி நின்ற இடத்திலேயே குலுங்கி அழுதாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் போன பிறகும் மாதப்பன் ஸ்டூலை விட்டு எழவில்லை. வெறும் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு வருஷ ஆராய்ச்சி மேடம்,” என்றார்.

“ஆமா சார்.”

“எல்லாம் வீணா?”

ஆறுதல் சொல்கிற பழக்கம் சுகிர்தத்துக்கு இல்லை. மாதப்பனும் அதை எதிர்பார்த்து வந்தவர் அல்ல. ஆனாலும் அன்று எதிர்பார்த்தார்.

“எல்லாமே தப்புன்னு சொல்ல முடியாது,” என்று அவரே ஆரம்பித்தார். “பவளத்தோட அளவு சுத்தமா இருக்கு. காலையில கருவி சரியா வேலை செய்யுதான்னு அவகிட்டதான் வெச்சுப் பாப்பேன். ஒரு நாள்கூட அழுதது இல்ல. எண் ஆடவே ஆடாது. அவளை வெச்சுத்தான் கோடே போட்டேன்.”

“எங்க இருக்கா?”

“கடைசி வார்டுல.”

“வாங்க, பாப்போம்.”

பவளம் என்பது நர்சுகள் வைத்த பெயர். யாரோ தொட்டிலில் விட்டுப் போன குழந்தை. மூளைக்காய்ச்சலில் நீர் கோத்து வந்து, மருந்திலேயே சரியாகிவிட்டாள். தலை மட்டும் கொஞ்சம் பெரிதாகத் தங்கிவிட்டது. தத்து கேட்டு வந்தவர்கள் அந்தத் தலையைப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விட்டார்கள்.

வார்டில் பார்வையாளர் நேரம். ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு அம்மா, ஒரு பாட்டி, ஒரு டிபன் கேரியர். எங்கோ ஒரு அப்பா, பிள்ளைக்காகப் பூனை மாதிரி கத்திக்காட்டிக்கொண்டிருந்தார். சன்னல் ஓரக் கட்டிலில் மட்டும் யாரும் இல்லை. பவளம் மல்லாந்து படுத்து மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர்கள் வந்து நின்றதும் திரும்பிப் பார்க்கவில்லை.

சுகிர்தம் அவள் உள்ளங்கையில் விரலை வைத்தார். கை திறந்தே இருந்தது. விரலைப் பிடிக்கவில்லை.

“பாருங்க மேடம், எவ்வளவு அமைதி,” என்று சொல்ல வாயெடுத்த மாதப்பன் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“இவ கடைசியா எப்ப அழுதா சார்?”

மாதப்பன் யோசித்தார். “வந்த புதுசுல ரொம்ப அழுவா. வார்டே தூங்காது. அப்புறம் நின்னு போச்சு.”

“ஏன் நின்னுச்சு?”

பதில் அவருக்குத் தெரிந்திருந்தது. அவரே அனுபவித்துத் தெரிந்துகொண்ட பதில்தான் அது. மனைவி போன புதிதில் அவரும் அழுதார். சமையலறையில் நின்று, குளியலறையில் நின்று, சத்தமாகவே அழுதார். பிறகு ஒரு நாள் அதுவும் நின்றது. மாதப்பன் நன்றாகத் தேறிவிட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மகனும் போனில் அதையே சொல்லிச் சந்தோஷப்பட்டான். அவர் மறுக்கவில்லை.

“யாரும் வரலன்னு தெரிஞ்சிருக்கும்,” என்றார்.

சுகிர்தம் குனிந்து பவளத்தைத் தூக்கினார். ஒரு கையைத் தலைக்குக் கொடுத்துப் பதமாக எடுத்து, மாதப்பனின் கைகளில் வைத்தார்.

அவர் அவளை நோயாளியைப் பிடிப்பது மாதிரி உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தார். பிறகு தலை கனத்ததால் தோளில் சாய்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பவளம் சாயவில்லை. விறைத்துக்கொண்டு, அவர் காதைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள். தினமும் காலையில் அந்தத் தலையைத் தொட்டவர்தான், ஆனால் அவள் இத்தனை சூடாக இருப்பாள் என்று அவருக்குத் தெரியாது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை.

“அளவு எடுக்கறதுக்கா மேடம்?”

“இல்ல.”

மாதப்பன் நின்றபடியே இருந்தார். பார்வையாளர் நேரம் முடிந்ததற்கு மணி அடித்தது. டிபன் கேரியர்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. போகிறவர்களைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில் குழந்தைகள் அழ ஆரம்பித்தன. பவளம் மட்டும் சத்தம் போடாமல் அவர் தோளுக்கு மேல் விறைப்பாக இருந்தாள். அவருக்குக் கை வலித்தது.

“எவ்வளவு நேரம் வெச்சிருக்கணும் மேடம்?”

சுகிர்தம் அடுத்த குழந்தையிடம் போவதற்காகக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

“கீழ வெச்சா இவ அழணும் சார். அதுவரைக்கும்.”