போனில் அழுத பிள்ளை

எங்கள் ஆபீஸுக்குக் கார்ட்லெஸ் போன் வந்த அன்று, அதைக் காதில் வைத்துக்கொண்டு மேனேஜர் வைகுண்டம் நடந்த நடையில் தரையே கொஞ்சம் இறங்கிவிட்டது.

அதற்கு லைன் கொடுத்து, சார்ஜ் ஏற்றியவன் பியூன் மாசானம். ஊரில் அவன் மகள் பிறந்து, தவழவும் தொடங்கிவிட்டாள். அவன் இன்னும் முகம் பார்க்கவில்லை. மேனேஜரிடம் லீவு கேட்டான்.

“லீவு எதுக்குடா? இதுல பேசு. நேர்ல போன மாதிரிதான்!”

மாசானம் நம்பரை அழுத்தினான். மனைவி எடுத்ததும் பக்கத்தில் குழந்தை வீறிட்டது. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றான். பிறகு போனை மேனேஜர் காதில் வைத்தான்.

“பிள்ளை அழுவுது சார். கொஞ்சம் தூக்குங்க.”

“போன்ல எப்படிடா தூக்குறது?”

“நேர்ல போன மாதிரின்னீங்களே சார்!”

ஆபீஸே சிரித்தது, லீவும் கிடைத்தது. அவன் போய்த் தூக்கும்வரை அந்தக் குழந்தை அழுகையை நிறுத்தவே இல்லையாம்.